எலும்புப் புற்றுநோய்: தட்டில் மடிந்த செல்லும் நுரையீரலில் தங்கிய செல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்புப் புற்றுநோய் செல்களைக் குறிவைத்துக் கொன்று, அவை பரவுவதையும் தடுக்கும் மருந்து பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நோயியல் துறையில் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை எலும்புக் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்ப்பதிலேயே கழித்தவள் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அந்தச் செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களுக்கு என்ன நேர்ந்ததோ அதைத்தான் அது சொன்னது. ஆனால் அது மனித உடலில் நடந்ததல்ல, கண்ணாடித் தட்டில் நடந்தது என்ற விவரம் கடைசிப் பத்தியில் பாதி வாக்கியமாக ஒதுங்கிக் கிடந்தது. தலைப்பைப் படிக்கும் எல்லோரும் கடைசிப் பத்திவரை வருவதில்லை.

இது சிறு குறைதானே என்று தோன்றலாம். பல ஆண்டுகளுக்கு முன்பு, தம் மகளின் பயாப்சி ஸ்லைடுகளை இன்னொரு முறை பார்த்துச் சொல்லும்படி ஒரு தந்தை என்னிடம் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். இரண்டு சுற்று கீமோதெரபி முடிந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். ஸ்லைடுகளைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், கடைசியில் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு செய்தித்தாள் துணுக்கை எடுத்து மேசைமேல் விரித்தார். எத்தனை முறை பிரித்து மடித்தாரோ, மடிப்புகள் கிழிந்து எழுத்துகள் இரண்டாகப் பிளந்திருந்தன. புற்றுநோய் செல்லை மட்டும் கொல்லும் மாத்திரை வந்துவிட்டதாமே, அது கிடைக்கும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டார். நான் எடுத்துச் சொன்னேன். ஆனாலும் அறுவை சிகிச்சை ஆறு வாரம் தள்ளித்தான் போனது. அந்த ஆறு வாரம் அந்தக் குழந்தைக்கு என்ன செய்தது என்று எந்த மருத்துவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அந்தத் துணுக்கில் இருந்த மருந்து அப்போது ஒரு மனிதருக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கப்படவில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில், 'எலும்புப் புற்றுநோய்' என்ற சொல்லே தெளிவாக இருக்க வேண்டும். மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ தொடங்கிய புற்று பின்னர் எலும்புக்குப் பரவுவது ஒன்று. எலும்பிலேயே பிறக்கும் புற்று முற்றிலும் வேறொன்று. எலும்பில் பிறப்பவற்றிலும் ஆஸ்டியோசர்கோமா, ஈவிங் சர்கோமா, குருத்தெலும்புச் செல்களிலிருந்து வரும் காண்ட்ரோசர்கோமா என்று பல உண்டு. அவற்றின் மரபணுக் கோளாறுகளும் வேறு, மருந்துக்கு அவை இணங்கும் விதமும் வேறு. தங்கள் செய்தி பேசியது ஆஸ்டியோசர்கோமாவைப் பற்றி. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் எலும்பில் தோன்றும் புற்றுகளில் இதுவே அதிகம். பிள்ளைகள் கிடுகிடுவென்று உயரும் வயதில், எலும்பு வேகமாக வளரும் முழங்காலைச் சுற்றியே இது பெரும்பாலும் வருகிறது. விளையாடும்போது பட்ட அடி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் வலி, இரவிலும் விடாமல் வாரக்கணக்கில் நீடிக்கும்போதுதான் எக்ஸ்-ரே எடுக்கிறார்கள்.

இனி, 'செல்லைக் கொன்றது' என்பதன் பொருளைப் பார்ப்போம். உடலில் ஒவ்வொரு செல்லுக்கும், தேவை முடிந்தபோதோ பழுது ஏற்பட்டபோதோ தன்னையே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உள்ளே இருக்கிறது. 1972-ல் கெர், வில்லி, கர்ரி என்ற மூன்று நோயியலாளர்கள் இதற்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. செல் சுருங்குகிறது, அதன் கரு துண்டுதுண்டாகிறது, சுற்றியுள்ள திசுவில் அழற்சி எதுவும் இல்லாமல் அக்கம்பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிடுகின்றன. புற்றுநோய் செல் இந்த ஏற்பாட்டை முடக்கி வைத்திருக்கிறது. வளரச் சொல்லும் சமிக்ஞைகளைச் செல்லுக்குள் கடத்தும் கைனேஸ் என்னும் நொதிகளை அடைப்பதன் மூலம் முடக்கிய ஏற்பாட்டை மீண்டும் இயங்கவைக்கலாம் என்பதே, இலக்கு மருந்துகள் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படை எண்ணம்.

எண்ணம் நல்லதே. அதைச் சோதிக்கும் இடம்தான் சிக்கலானது. உலகெங்கும் ஆஸ்டியோசர்கோமா ஆய்வுகள் ஒரு சில செல் வரிசைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அவற்றில் 'யு-2 ஓ.எஸ்.' என்பது 1964-ல் 15 வயதுப் பெண் ஒருத்தியின் கால் எலும்புக் கட்டியிலிருந்து எடுத்தது. 'சாவோஸ்-2' என்பது 1973-ல் 11 வயதுச் சிறுமியிடமிருந்து எடுத்தது. அந்தக் கட்டிகளிலிருந்து வந்த செல்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிளாஸ்டிக் தட்டில், ஊட்டச்சத்துத் திரவத்தில், பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் ஒரே நோய்தான், ஆனால் குணம் ஒன்றல்ல. பழுதடைந்த செல்லைச் சாவுக்கு அனுப்பும் காவலாளியான 'பி53' புரதம் யு-2 ஓ.எஸ். செல்லில் கெடாமல் இருக்கிறது. சாவோஸ்-2 செல்லில் அது அடியோடு இல்லை. ஆகவே பி53 வழியாகச் செல்லைக் கொல்லும் ஒரு மருந்து முதல் தட்டில் அற்புதமாக வேலை செய்யும். இரண்டாவதில் ஒன்றும் செய்யாது. எந்தத் தட்டைப் பார்த்துச் செய்தி எழுதினோம் என்பது இங்கே முடிவையே மாற்றிவிடுகிறது.

மருந்தின் அளவும் அப்படித்தான். கைனேஸ்களை அடைக்கும் சோராஃபெனிப், ரெகோராஃபெனிப் போன்ற மருந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் இரத்தத்தில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. செல்லுக்குள் நுழையத் தனித்து நிற்பது மிகச் சிறிய பங்கு. தட்டில் ஊற்றும் திரவத்தில் அவ்வளவு புரதம் இல்லை. எனவே தட்டில் ஒரு குறிப்பிட்ட செறிவில் பாதிச் செல்கள் மடிந்தன என்றால், அதற்குச் சமமான அளவை ஒரு குழந்தையின் உடல் தாங்குமா, கட்டியின் நடுப்பகுதிவரை அது போய்ச் சேருமா என்பவை தனிக் கேள்விகள்.

'பரவலைத் தடுத்தது' என்ற இரண்டாவது கூற்றுதான் எனக்கு மேலும் கவலை தருகிறது. இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. தட்டின் அடியில் செல்கள் பாய் விரித்ததுபோல் ஒட்டி வளர்ந்ததும், திரவம் எடுக்கும் மெல்லிய குழாயான பிப்பெட்டின் நுனியால் நடுவில் ஒரு கோடு கீறுவார்கள். கோடு போட்ட இடம் வெறுமையாக நிற்கும். மறுநாள் அதே இடத்தைப் படமெடுத்து, இரு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை எவ்வளவு மூடியிருக்கின்றன என்று அளப்பார்கள். மருந்து கொடுத்த தட்டில் இடைவெளி மூடாமல் இருந்தால், மருந்து செல்லின் நகர்வைத் தடுத்தது என்று பொருள் கொள்வார்கள். ஆனால் அதே மருந்து செல்லைக் கொல்லவும் செய்கிறது, பெருகவிடாமலும் தடுக்கிறது என்றால் இடைவெளி ஏன் மூடவில்லை? செல்கள் நகர மறந்தனவா, அல்லது நகர்வதற்குப் போதிய செல்களே மிஞ்சவில்லையா? கவனமான ஆய்வாளர்கள் செல் பெருக்கத்தைத் தனியே நிறுத்திவைத்தும், கொல்லாத அளவுக்கு மருந்தைக் குறைத்தும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள். எல்லா ஆய்வுகளும் அப்படிச் செய்வதில்லை. செய்தியாக மாறும்போது, ஒரே விளைவு இரண்டு சாதனைகளாக எண்ணப்படுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் நோயின் கால ஓட்டத்தில் இருக்கிறது. கீமோதெரபி வருவதற்கு முன்பு, கட்டி இருக்கும் காலை முழுவதுமாக வெட்டி எடுத்த பிறகும், ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குச் சில மாதங்களில் நோய் நுரையீரலில் தலைகாட்டியது. கால் போன பிறகு புதிதாகப் பரவ அங்கே கட்டி ஏது? வெட்டுவதற்கு முன்பே செல்கள் இரத்தத்தில் கலந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக, அடுத்து வரும் நுண்குழாய் வலையான நுரையீரலில் சிக்கித் தங்கிவிட்டன என்பதுதான் அதன் பொருள். இன்றும் நோய் கண்டறியப்படும் அன்று ஐந்தில் ஒருவர் அளவுக்கே சி.டி. ஸ்கேனில் நுரையீரல் முடிச்சு தெரிகிறது. மற்றவர்களில் பெரும்பாலோரிடமும் கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஏற்கெனவே விழுந்திருக்கின்றன. ஆகவே செல் நகர்வதைத் தடுக்கும் மருந்து, நோயாளி மருத்துவரிடம் வருவதற்கு முன்பே முடிந்துபோன ஒரு பயணத்தைத் தடுக்கப் பார்க்கிறது. உண்மையில் தேவைப்படுவது, நுரையீரலில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் செல்லைக் கொல்வது, அல்லது அது அங்கே வேர்பிடித்து வளராமல் வைத்திருப்பது.

செல்லின் சாவும் பரவலும் உண்மையிலேயே பின்னிக்கிடக்கும் இடமும் அதுதான். இயல்பான எலும்புச் செல் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்தால், பிடிமானம் இழந்த காரணத்தாலேயே இறந்துவிடும். 1994-ல் இதற்கு 'அனாய்க்கிஸ்', அதாவது வீடற்ற நிலை, என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பரவும் ஆஸ்டியோசர்கோமா செல் இந்தச் சாவிலிருந்து தப்பக் கற்றுக்கொண்ட செல். இரத்தத்தில் மிதக்கும்போதும், அந்நிய மண்ணான நுரையீரலில் இறங்கிய முதல் சில நாட்களிலும் அது சாகாமல் இருக்க எதைப் பற்றிக்கொள்கிறது என்று பல குழுக்கள் தேடிவருகின்றன. செல்லின் வெளிச்சவ்வை அதன் உட்சட்டகத்தோடு கட்டிவைக்கும் 'எஸ்ரின்' என்ற புரதம் அந்த முதல் நாட்களில் செல்லைக் காப்பாற்றுகிறது என்று 2004-ல் எலிகளில் காட்டினார்கள். என் பார்வையில், கீறிய கோடு எவ்வளவு மூடியது என்பதைவிட இந்த வகை ஆய்வே நோயாளிக்கு நெருக்கமானது. அதற்குத் தலைப்புச் செய்தி ஆகும் கவர்ச்சி இல்லை, அவ்வளவுதான்.

தட்டுக்கும் உடலுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட இரண்டு உதாரணங்கள் போதும். எஸ்.ஆர்.சி. என்ற கைனேஸை அடைக்கும் டாசாட்டினிப் மருந்து, தட்டில் எலும்புச் சர்கோமா செல்களின் நகர்வையும் ஊடுருவலையும் குறைத்தது. சில செல் வரிசைகளைக் கொன்றது. 2009-ல் வெளியான ஆய்வில், தட்டில் நகர்வைக் குறைத்த அதே மருந்து, எலிகளில் நுரையீரல் பரவலைக் குறைக்கவில்லை. இரண்டாவது, எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் சோலட்ரானிக் அமிலம். ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் அது ஆஸ்டியோசர்கோமாவை ஒடுக்கியது. பிரான்சில் 318 நோயாளிகளிடம், வழக்கமான கீமோதெரபியோடு அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், மருந்து சேர்க்காத குழுவில் 63 சதவீதம், சேர்த்த குழுவில் 57 சதவீதம். பயன் கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2016-ல் அந்த முடிவு வெளியானது. தட்டைப் பற்றி எழுதிய செய்தித்தாள்கள் இதையும் எழுதியிருக்க வேண்டும்.

இலக்கு மருந்துகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் தவறான செய்தியே ஆகும். கீமோதெரபிக்குப் பிறகும் நோய் திரும்பியவர்களிடம் இவை உண்மையாகச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. கட்டிக்கு இரத்தக் குழாய் வளர்வதைத் தடுப்பதோடு வேறு சில கைனேஸ்களையும் அடைக்கும் ரெகோராஃபெனிப் மருந்தைப் பிரான்சில் 26 பேருக்குக் கொடுத்து, 12 பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டார்கள். எட்டு வாரம் கழித்து, மருந்து எடுத்தவர்களில் 17 பேருக்கு நோய் முன்னேறாமல் நின்றிருந்தது; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. மருந்துக் குழுவில் பாதிப் பேருக்கு நோய் மீண்டும் வளரத் தொடங்க ஆன காலம் 16 வாரம். மற்றக் குழுவில் 4 வாரம். காபோசான்டினிப் மருந்தை எடுத்த 42 பேரில் 5 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஆறு மாதம் கழித்து மூன்றில் ஒருவருக்கு நோய் கட்டுக்குள் இருந்தது. சோராஃபெனிப் ஒரு வழியை அடைக்கும்போது செல் வேறொரு வழியைத் திறந்துகொள்கிறது என்று தட்டில் கண்டு, அந்த வழியையும் அடைக்க எவரோலிமஸ் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 45 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறவில்லை. ஆய்வாளர்கள் முன்கூட்டியே குறித்துவைத்த இலக்கு 50 சதவீதம் என்பதால், இலக்கு எட்டப்படவில்லை என்று அவர்களே நேர்மையாக எழுதினார்கள்.

இந்த எண்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். மருந்து நோயை நிறுத்திவைக்கிறது, பெரும்பாலோரிடம் அழிப்பதில்லை. கிடைப்பது மாதங்கள். மகனுக்கோ மகளுக்கோ அந்த மாதங்கள் எவ்வளவு பெரியவை என்பதை அந்தக் குடும்பங்களே அறியும். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் 'கொல்லும்', 'தடுக்கும்' என்ற சொற்கள் அவர்களுக்குக் குணமாவதாகவே கேட்கும்.

ஆஸ்டியோசர்கோமாவில் ஏன் இப்படி? நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் ஒரே ஒரு கோளாறான புரதம் நோயை இயக்குகிறது. 2001-ல் அனுமதி பெற்ற இமாட்டினிப் அந்த ஒன்றை அடைத்ததும் நோயின் போக்கே மாறியது. இலக்கு மருந்து என்றாலே மக்கள் மனதில் நிற்பது அந்த வெற்றிதான். ஆஸ்டியோசர்கோமாவில் அப்படி ஒற்றைச் சாவி இல்லை. பி53, ஆர்.பி. போன்ற காவல் மரபணுக்கள் தொலைந்திருக்கின்றன. தொலைந்த ஒன்றை மாத்திரையால் அடைக்க முடியாது. குரோமோசோம்கள் உடைந்து நொறுங்கி, கண்டபடி ஒட்டவைத்ததுபோல் கிடக்கின்றன. ஒரு நோயாளியின் கட்டியில் பெருகியிருக்கும் மரபணு அடுத்தவரின் கட்டியில் இல்லை. ஒரே கட்டிக்குள்ளும் இடத்துக்கு இடம் செல்கள் வேறுபடுகின்றன. ஒரு வாசலை அடைத்தால் பக்கத்து வாசல் திறக்கிறது.

செல் சாவை மனித எலும்பில் அளப்பது என் வேலையாகவே இருந்ததால், அதைப் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறேன். கீமோதெரபிக்குப் பிறகு அறுவை சிகிச்சையில் எடுத்த எலும்பு எங்கள் மேசைக்கு வரும். அதை நீளவாக்கில் அறுத்து, நடுப்பலகையைப் படமெடுத்து, படத்தின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுப்போம். எலும்பு கடினமாக இருப்பதால் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். அதற்கே நாள்கள் ஆகும், சில சமயம் வாரங்களும் ஆகும். பின்னர் ஒவ்வொரு கட்டத்தையும் மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்போம். செல்கள் மடிந்த இடத்தில் அவை சுரந்த எலும்புச் சட்டகம் மட்டும் இளஞ்சிவப்பாக, காலி வீடுபோல் நிற்கும். இருந்த செல்லின் குழி வெறும் ஓட்டையாகத் தெரியும். பத்துக் கட்டம் அப்படியே போகும். பதினொன்றாவதில், எலும்பு உறையை ஒட்டியோ மென்திசுவின் ஓரத்திலோ, கருநீலக் கருக்களோடு ஒரு சிறு கூட்டம் உயிரோடு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும்; எத்தனை ஆண்டு ஆனாலும் எனக்கு அது பழகவில்லை. மொத்தத்தில் 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் மடிந்திருந்தால் நல்ல பலன் என்றும், அதற்குக் கீழே என்றால் போதாது என்றும் அறிக்கை எழுதுவோம்.

சரி, போதாது என்று எழுதிய பிறகு மருந்தை மாற்றினால் என்ன? அதையும் சோதித்தார்கள். 17 நாடுகளில் 2,260 நோயாளிகளைச் சேர்த்த யூராமோஸ்-1 என்ற பெரிய ஆய்வில், போதிய அளவு செல்கள் மடியாதவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐஃபாஸ்பமைடு, எட்டோபோசைடு என்ற இரண்டு மருந்துகளைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்க விளைவு கூடியது. நோய் திரும்புவது குறையவில்லை. உண்மையான நோயாளியின் உண்மையான எலும்பில் நான் கண்ணால் எண்ணிய செல் சாவின் அளவே, அடுத்து என்ன செய்வது என்பதற்கு வழிகாட்டவில்லை என்றால், தட்டில் எண்ணிய சாவிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

எலும்பின் இயல்பு இன்னொரு வகையிலும் கண்ணை ஏமாற்றும். மற்றப் புற்றுகளில் செல்கள் மடிந்தால் கட்டி சுருங்கும், ஸ்கேனில் அளந்துவிடலாம். ஆஸ்டியோசர்கோமா செல் எலும்பைச் சுரக்கும் செல். செல் செத்தாலும் அது கட்டிய சுண்ணாம்புச் சட்டகம் அப்படியே நிற்கும். அதனால்தான் இந்த நோயில் மருந்தின் பலனைச் சுருக்கத்தை வைத்து அளக்காமல், நோய் முன்னேறாத காலத்தை வைத்து அளக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, எலும்பின் ராட்சத செல் கட்டி என்ற வேறொரு நோயில் டெனோசுமாப் ஊசி தரும் காட்சி மிகவும் நம்பிக்கையூட்டும்: ராட்சத செல்கள் மறைகின்றன, புது எலும்பு உருவாகிறது, வலி குறைகிறது. 2013-ல் இதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல நோயாளிகளுக்கு அது பெரும் உதவி. ஆனால் மறைந்தவை ராட்சத செல்களே. அவற்றை வரவழைத்த உண்மையான கட்டிச் செல்கள் அந்தப் புது எலும்புக்குள் உயிரோடு இருக்கின்றன. ஊசியை நிறுத்தினால் கட்டி திரும்பக்கூடும். எந்தச் செல் செத்தது என்று கேட்காமல் செல் செத்தது என்று எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

'குறிவைக்கும் மருந்து' என்ற பெயர், மற்றச் செல்களைத் தொடாது என்ற எண்ணத்தையும் உண்டாக்குகிறது. அது சரியல்ல. இந்த மருந்துகளால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, நடக்க முடியாத அளவுக்குத் தோல் உரியலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், தைராய்டு குறையலாம், புண் ஆறத் தாமதமாகலாம் என்பதால் அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் நிறுத்திவைக்க வேண்டும். நுரையீரலின் ஓரத்தில் உள்ள முடிச்சு, மருந்தால் உள்ளே மடிந்து குழியாகி உடைந்து, நெஞ்சுக்கூட்டில் காற்று நிரம்பி மூச்சு முட்டுவதும் உண்டு. மருந்து வேலை செய்வதாலேயே வரும் ஆபத்து அது. திடீரென்று நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை, இந்த மாத்திரையில் இருக்கும் ஒவ்வொரு நோயாளியின் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில், இந்த நோயில் உயிரைக் காப்பாற்றிய மருந்துகள் எவை என்பதை மறந்துவிடக் கூடாது. 1986-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களில் இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாதவர்கள் 17 சதவீதம். அதோடு கீமோதெரபியும் எடுத்தவர்களில் 66 சதவீதம். மெதோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற அந்தப் பழைய மூன்றும்தான் இன்றும் முதல் சிகிச்சையின் அடித்தளம். முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும் என்று மக்கள் அஞ்சும் அதே மருந்துகள்தாம், நுரையீரலில் விழுந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத விதைகளைப் பல பிள்ளைகளிடம் உண்மையாகவே கொன்றன. நோய் பரவாத நிலையில் வருபவர்களில் மூன்றில் இருவர் அளவுக்கு இன்று பிழைக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம், முறையாகச் செய்த அறுவை சிகிச்சையோடு சேர்ந்த இந்த மூன்றும்தான். நாற்பது ஆண்டுகளாக அந்த விகிதம் பெரிதாக உயரவில்லை என்பது எங்கள் துறையின் துயரம். அதை உயர்த்தவே இலக்கு மருந்துகள் தேவைப்படுகின்றன. அவற்றைச் சோதிக்கும் ஆய்வுகளும், இந்த அரிய நோயில் அந்த ஆய்வுகளில் சேர முன்வரும் குடும்பங்களும் தேவைப்படுகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, ஆய்வுக்கூடச் செய்திகளை வெளியிட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எந்த நோயின் செல், தட்டிலா எலியிலா மனிதரிலா, மனிதர் என்றால் எத்தனை பேர், எவ்வளவு காலம் என்ற விவரங்களைத் தலைப்புக்கு அடுத்த முதல் பத்தியிலேயே தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் குறிப்பிட்ட செய்தியைப் பொறுத்தவரை, அந்த மருந்து இன்னும் எந்த எலும்புப் புற்றுநோயாளிக்கும் கொடுத்துச் சோதிக்கப்படவில்லை என்றும், இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் கீமோதெரபியையோ அறுவை சிகிச்சையையோ இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது என்றும் இரண்டு வரி விளக்கத்தை, செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். இணையப் பதிப்பிலும் தலைப்பின் கீழேயே அதைச் சேர்த்துவிட்டால், இன்று அந்தச் செய்தியைக் கைப்பேசியில் சேமித்துவைத்துக்கொண்டு மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நோயியல் மருத்துவர் ஒருவர்